ஏலக்காய்க்கு எரியும் அடுப்பு

சக்குபள்ளம், 1974, ஆவணி.

குமுளி பஸ் இன்னும் வரவில்லை. மழைக்கு ஒதுங்கி, ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தின் தாழ்வாரத்தில் நிற்கிறேன். உள்ளே பகலிலும் அடுப்பு எரிகிறது. வெளிச்சுவரில் கை வைத்தால் இதமாகச் சுடுகிறது. அந்தச் சுவரில் முதுகை ஒட்டி ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மடியில், பிறந்து பத்து நாள்கூட ஆகாத குழந்தை. அதன் உதடு நீலம் பாரித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போக அவளும் அதே பஸ்ஸுக்குத்தான் காத்திருக்கிறாள்.

"என்ன வேலையா வந்தீங்க சார்?" என்று கேட்கிறாள்.

எந்த நாட்டில் ஆளுக்கு எவ்வளவு எரிபொருள் கிடைக்கிறது என்று ஒப்பிட்டுப் பத்திரிகைக்கு எழுதுவதாகச் சொல்கிறேன்.

"ரெண்டு நாட்ட நானும் பாத்துட்டேன். பொறந்தது சிலோன்ல. ஒங்க நாடு இந்தியான்னு போன வருசம் கப்பல்ல ஏத்தி விட்டாங்க. அங்க கவாத்து வெட்டுன தேயிலைக் குச்சி கெடைக்கும், தோட்டத்து லயத்து வீட்டுல அடுப்பு அணையாது. இங்க காஞ்ச வெறகு பூராவும் ஏலக்காய்க்குத்தான்."

"வீட்டுல விறகே இல்லையாம்மா?"

"ஈர வெறகு இருக்கு. பொகைதான் வருது, சூடு வரல."

என் பையிலிருக்கும் அட்டவணையில் இரண்டு நாடுகளும் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன. இவளை எந்த வரியில் சேர்ப்பது என்று தெரியவில்லை. சால்வையைக் கழற்றிக் கொடுக்கிறேன். மறுக்காமல் வாங்கிக் குழந்தையைச் சுற்றுகிறாள்.

பஸ் வளைவு திரும்பி வந்து நிற்கிறது. எழுந்தவள் உடனே ஏறவில்லை. உள்ளங்கையைச் சுவரில் அழுத்திச் சற்று நேரம் வைத்திருக்கிறாள். பிறகு அந்தக் கையால் குழந்தையின் பாதங்களைப் பொத்திக்கொண்டு படியேறுகிறாள்.