ராசியான காந்தம்

எங்கள் லேபில் ஒரு பழக்கம் உண்டு. முனைவர் பட்டம் முடித்துப் போகிறவர் தன் ராசியான பீட்டை அடுத்து வருபவரிடம் கொடுத்துவிட்டுப் போவார். பீட் என்பது குடுவைக்குள் சுழன்று கரைசலைக் கலக்கும் சின்னக் காந்தம். மேலே வெள்ளை உறை போட்டிருக்கும். எனக்கு வந்ததன் உறை நுனியில் சாம்பல் நிறமாகியிருந்தது. "தொலைச்சிடாத, இது போட்டா வேலை நடக்கும்" என்றார் சீனியர்.

நடந்தது. எல்லோரும் பல்லேடியம் என்ற விலை உயர்ந்த உலோகத்தைப் போட்டுச் செய்யும் வேதிவினையை, நான் வெறும் இரும்பைப் போட்டு நடத்தினேன். நான்கு வருட ஆராய்ச்சி அதுதான். நோட்டில் எல்லாம் இருக்கிறது: வெப்பநிலை, நேரம், கரைப்பான் எந்தப் பாட்டில், கடல் பக்கம் என்பதால் அன்றைய ஈரப்பதம்கூட. எந்த பீட் என்று மட்டும் ஒரு நாளும் எழுதவில்லை.

ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸ் கொடுக்க மூன்று வாரம் இருந்தபோது ஜூனியர் அதே வினையைப் புது பீட் போட்டுச் செய்தாள். மூன்று தடவையும் ஒன்றும் ஆகவில்லை.

"இன்னா தப்பு பண்றேன்னே தெர்லக்கா. உங்க பீட்ட குடுங்க, ராசியாச்சும் ஒட்டட்டும்."

கொடுத்தேன். நடந்தது. அவள் குதித்தாள், நான் பீட்டின் சாம்பல் நுனியையே பார்த்தேன். சீனியர் கடைசிவரை வேலை செய்தது பல்லேடியத்தில்.

மறுநாள் இரும்பே போடாமல் அந்த பீட்டை மட்டும் போட்டு ஓடவிட்டேன். அப்போதும் நடந்தது. வினையை நடத்தியது என் இரும்பு இல்லை, பீட்டின் உறையில் ஒட்டியிருந்த சீனியரின் பல்லேடியம்.

கைடு மேடத்திடம் சொன்னேன். வெகுநேரம் நோட்டைப் புரட்டினார்.

"வைவால பீட்ட பத்தி யாரும்மா கேக்கப் போறாங்க?"

"கேக்க மாட்டாங்க மேடம்."

"அப்புறம்?"

நான் நோட்டை எடுத்துக்கொண்டேன். "வீட்டுக்குப் போய் யோசி" என்றார்.

புதுப்பட்டினத்தில் செங்கல்பட்டு பஸ் ஏறி, ஆய்வேட்டில் எந்தெந்த அத்தியாயம் தேறும் என்று எழுதிப் பார்த்தேன். ஒன்று தேறும், அது மற்றவர்கள் செய்த வேலையைப் பற்றிய முன்னுரை. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, எல்லாவற்றையும் அடித்தேன். உதவித்தொகைக் காலம் அடுத்த மாதம் முடிகிறது.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது அப்பா கூப்பிட்டார். தங்கை கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிறதாம்.

"உம் பேருக்கு முன்னாடி முனைவர்னு போட்றட்டுமா? கல்யாணத்துக்குள்ள வாங்கிடுவ இல்ல?"

"வேணாம்ப்பா."

கூடுவாஞ்சேரி வீட்டில் ஓடிய மிக்ஸி சத்தம் போனில் கேட்டது.

"எம்.எஸ்சி.ன்னே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்."