சுகந்தி காப்பாற்றிய முகம்

செவ்வாய்க்கிழமை மத்தியானம், டெனிஷ் நகரமான ஒடென்சேயில் வேலையிடத்தில் நின்றபோது குகனின் அழைப்பு வந்தது. "அண்ணை, சுகந்தி இல்லை," என்றார். வேலைக்குப் போன இடத்தில் மனைவியைக் காணாமல் தேடுகிறாராக்கும் என்று நினைத்து, "ஏன், எங்க போட்டா?" என்று கேட்டேன். குகன் சொன்னார்: "ஒரு இடமும் போகேல்லை அண்ணை. செத்துப்போனா."

ஓல்போர்க்கில் பஸ் தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை. இதயம் நின்றுவிட்டதாம். நாற்பத்தாறு வயது. அன்று காலையில்தான் என்னோடு கதைத்திருந்தார். படம் பிடிப்பதற்கான புதிய விளக்குகளை எப்போது கொண்டுவருவேன் என்று வழக்கம்போல அவசரப்படுத்தினார். குகனுக்கு ஆறுதல் சொல்லவேண்டிய நான், "காலமை கதைச்சனான், காலமை கதைச்சனான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் கை "சொல்லுவார்" என்றுதான் எழுதப் போகிறது. நிறுத்தி, "சொன்னார்" என்று மாற்றுகிறேன்.

சுகந்தியைச் சிறுமியாகப் பார்த்த ஸ்கீவ ஊர்க்காரர் பலர் இதை வாசிப்பீர்கள். தாயோடு அகதியாக வந்து, அங்கே பள்ளிக்கூடம் போய், பிறகு கொப்பன்ஹேகனில் பழைய ஓவியங்களைப் பாதுகாக்கும் படிப்பை முடித்தவர். இந்நாட்டுக் கிராமத் தேவாலயங்களில் வெள்ளைச் சுண்ணாம்புக்கு அடியில் பழைய சுவரோவியங்கள் புதைந்து கிடக்கின்றன. சிறு கத்தியும் தூரிகையுமாகச் சாரக்கட்டில் ஏறி, அவற்றைக் கொஞ்சங் கொஞ்சமாக வெளியே கொண்டுவருவது அவர் வேலை. அதைப் படம் பிடிப்பது என் வேலை. ஒரு கலியாண வீட்டில் ஒரு மாமி, "இவ்வளவு படிச்சுப்போட்டுச் சுவரோ சுரண்டிறாய்?" என்று கேட்டார். "ஓம் மாமி. வீட்டுச் சுவரைச் சுரண்டினா அம்மா அடிப்பா. இவை சம்பளம் தருகினம்," என்று சொல்லிவிட்டு வடையைக் கடித்தார் சுகந்தி.

சில வருடங்களுக்கு முன், ஓல்போர்க்குக்கு மேற்கே ஒரு சிறிய தேவாலயத்தில் சுண்ணாம்பை அகற்றிய இடத்தில் ஒரு பெண் வெளிப்பட்டாள். மறுமலர்ச்சிக் காலத்தில் வரையப்பட்டவள். உதட்டுக்குக் கீழே தடித்த நாடி, வீங்கிய விரல்கள், ஒரு கண் மற்றதைவிடச் சிறியது. அவளருகே வெள்ளைத் துணியில் இறுகச் சுற்றிய நான்கு சிசுக்கள். பிறந்து இறந்துபோன அவளுடைய பிள்ளைகள். அக்காலத்துக் குடும்ப ஓவியங்களில் இறந்த பிள்ளைகளையும் சேர்த்து வரைகிற வழக்கம் இருந்தது. வண்ணம் உதிர்ந்த ஓரங்களில், அவளுக்கும் அடியில், இன்னும் பழைய ஓவியமொன்று தெரிந்தது: இறுதித் தீர்ப்பு நாள், பேய்கள், எக்காளம் ஊதும் தேவதூதர்கள்.

சுகந்தி என்னை மேலே கூப்பிட்டார். "இஞ்ச பாருங்கோ அண்ணை. கீழ இருக்கிற பழைய படத்தில நரகத்துக்குப் போறவையும் சொர்க்கத்துக்குப் போறவையும் ஒரே முகம். இவவுக்குத்தான் இவவின்ர முகம் இருக்கு. மறுமலர்ச்சி எண்டா இத்தாலிக்குப் போய்த்தான் பாக்கோணும் எண்டில்லை. இந்த வயலுக்குள்ளயும் வந்திருக்கு."

தேவாலயத்தின் நிர்வாகக் குழு வேறுவிதமாக யோசித்தது. பேய்கள் இருந்தால் சனம் பார்க்க வரும். ஆகவே பெண்ணை அகற்றிவிட்டு அடியில் இருப்பதை வெளியே எடுக்கச் சொன்னார்கள். கூட்டத்தில் நானும் இருந்தேன். தலைவர் பன்றிப் பண்ணை நடத்தி ஓய்வுபெற்றவர், கரடுமுரடாகப் பேசுபவர். "பெயர்கூடத் தெரியாத ஒருத்திக்காகவா இவ்வளவு பிடிவாதம்?" என்று டெனிஷில் கேட்டார். "பெயர் தெரியாதவளுக்கும் முகம் உண்டு என்று ஒரு ஓவியன் நினைத்திருக்கிறான். அதை என் கையால் அழிக்க மாட்டேன். வேறு ஆளைப் பாருங்கள்," என்றார் சுகந்தி. குரல் உயரவில்லை.

காரில் திரும்பும்போது, "வேலை போகப்போகுது," என்றேன். "போனாப் போகட்டும் அண்ணை," என்றார். கொஞ்ச தூரம் போனபின், "எனக்கு முந்தி அம்மாவுக்கு ரெண்டு பிள்ளையள் பிறந்து செத்தது. ஒரு படமும் இல்லை. எப்பிடி இருந்ததுகள் எண்டு கேட்டா அம்மாவுக்குச் சொல்லத் தெரியேல்லை," என்றார்.

விவகாரம் மாதக்கணக்கில் இழுபட்டது. கடைசியில் சுகந்தி தலைவரையே மேலே ஏறிப் பார்க்க அழைத்தார். அவர் முனகிக்கொண்டே ஏறி, அந்தப் பெண்ணுக்கு நேர் எதிரே நின்றார். பிறகு, "இது என் அக்காவின் நாடி," என்றார். அடுத்த கூட்டத்தில் அந்தப் பெண்ணை அப்படியே விட்டுவிடுவதென்று முடிவாயிற்று.

வேலை முடிந்ததும் சுகந்தி தாயைக் கூட்டிவந்தார். காலை மாலை சாமி அறையில் விளக்கேற்றும் அந்த அம்மா, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தேவாலயத்துக்குள் வந்தார். சுவரை அண்ணாந்து பார்த்து, "இந்தப் பிள்ளையளுக்குப் பேர் வச்சிருந்தவையோ?" என்று கேட்டார். "தெரியேல்லை அம்மா," என்றார் மகள். "என்ர ரெண்டுக்கும் நான் வச்சனான். மூத்தவன் கண்ணன். மற்றது தேவி." அந்தப் பெயர்களைச் சுகந்தி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். நான் கமராவைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

சுகந்தியின் மரணச் சடங்குக்கு அந்தத் தலைவரும் வந்திருந்தார். கறுப்புக் கோட்டு அணிந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரம் நின்றார். உறவுப் பெண்கள் சுகந்தியின் முகத்துக்குத் தடிப்பாகப் பவுடர் போட்டு, உதட்டுக்குச் சாயமும் பூசியிருந்தார்கள். "நித்திரை கொள்ளுற மாதிரியே கிடக்கிறா," என்று யாரோ சொன்னார்கள். தாய் பெட்டியருகே வந்தார். குனிந்து பார்த்தார். "இது ஆர்?" என்றார். எல்லோரும் திகைத்துப் போனோம். சீலைத் தலைப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார், கன்னத்தைத் துடைத்தார், உதட்டைத் துடைத்தார். தடுக்கப் போனவர்களிடம், "விடுங்கோ. என்ர பிள்ளையை எனக்குப் பாக்கோணும்," என்றார்.

நித்திரை கொள்வதுபோல இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம், புருவத்தருகே பழைய தழும்பு, வெளிறிப்போன உதடு. சுகந்தி இறந்துதான் போயிருந்தார். குகன் தொலைபேசியில் சொன்னதை நான் அப்போதுதான் நம்பினேன். சுகந்தியின் நினைவாக எனக்கென்று நான் வைத்திருப்பது அந்த முகத்தைத்தான். யாரும் திருத்தாத, அவருக்கு மட்டுமே உரிய அந்த முகத்தை.