தூசி நீக்கிய பக்கங்கள்

2004 மார்ச், ஒரு சனிக்கிழமை. காலை 7.20க்கு மதுரை ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் பிடித்தேன். டிக்கெட் பதினேழு ரூபாய். மடியில் ஆபீஸ் லேப்டாப். அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை முறைத்தும் மேலே ஏற்றவில்லை. பைக்குள் நாலு வருடம் பாடுபட்டு முடித்த குறுந்தகடு.

தகட்டில் இருப்பது மாதா புலம்பல். பெரிய வெள்ளிக்கிழமையன்று இந்தப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில், இறந்த மகனை மடியில் கிடத்தி மாதா அழுவதாக ஒருவர் பாடுவார். அச்சில் வராத பாட்டு; ஊருக்கு ஊர் நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். பதினோரு நோட்டுகளை ஒப்பிட்டு எங்கள் ஆபீஸில் பதிப்பித்திருந்தோம். ஒரு சொல்லைத் தொட்டால் போதும், பதினோரு கையெழுத்திலும் அது எப்படி இருக்கிறது என்று கம்ப்யூட்டர் காட்டிவிடும். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஏழாவது நோட்டு சவரிமுத்துவுடையது. திண்டுக்கல் புகையிலைக் குடோனில் வேலை பார்த்தவர். அவர் ஆவணியில் இறந்துவிட்டதாக அவர் மனைவி பிலோமினா கார்டு போட்டிருந்தார். இந்த வருடம் புலம்பலை நான்தான் பாட வேண்டும், கம்ப்யூட்டரில் ஏற்றியதை வந்து காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

9.05. திண்டுக்கல். ஒரு டீ குடித்துவிட்டு, சித்தையன்கோட்டை போகும் பஸ்ஸில் ஏறினேன். ஆறு ரூபாய். பக்கத்தில் வெங்காய மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர் யார் வீட்டுக்கு என்று விசாரித்தார். சொன்னேன். "அவரு பாடுனா கோயிலே அழுவும் சார். கடைசி ரெண்டு மூணு வருசமா மூச்சிழுப்பு. அப்பவும் விடலயே மனுசன்" என்றார். செம்பட்டி தாண்டும் வரை அவர் சவரிமுத்துவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

10.20. சித்தையன்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கினேன். கோயிலுக்குப் பின்னால் ஓட்டு வீடு. பிலோமினாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கடுங்காப்பி கொடுத்துவிட்டு, முகம் கழுவி, கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் லேப்டாப்பில் சவரிமுத்துவின் நோட்டை, ஏழாம் படியை, முதல் பக்கத்தில் திறந்தேன். வெள்ளை வெளேரென்ற பக்கம், கன்னங்கரேலென்ற எழுத்து. அவர் திரையருகே குனிந்து வரிவரியாக விரலை ஓட்டினார். இன்னொரு பக்கம் காட்டச் சொன்னார். அப்புறம் இன்னொன்று.

"புள்ளியெல்லாம் எங்க சார்?"

எந்தப் புள்ளி என்று கேட்டேன். இழுப்பு வந்த வருடத்திலிருந்து, பெரிய வெள்ளிக்கு முன்வரும் தவக்காலம் தொடங்கினால் சவரிமுத்து வீட்டில் பாடிப் பார்ப்பாராம். எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறதோ, அந்தச் சொல்லின் தலையில் பிலோமினா பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். கோயிலில் அந்த இடம் வரும் முன்பே நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு பாடுவார் அவர். கேட்பவர்களுக்கு அது மாதாவின் விம்மல் மாதிரி இருக்கும்.

"மொத வருசம் பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு. கடைசி வருசம் ரெண்டு வார்த்தைக்கு ஒரு புள்ளி சார். அவரு நிறுத்துற மாதிரியே நிறுத்திப் பாடணும்னுதான் ஒங்கள வரச் சொன்னேன்."

போன கோடையில் நோட்டை வாங்கியபோதே அந்தப் புள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். ஈ எச்சம் என்று நினைத்தேன். பக்கங்களை ஸ்கேன் செய்த பிறகு, தூசி நீக்கும் கட்டளை ஒன்றைக் கொடுத்தால் சின்னச் சின்னக் கறையெல்லாம் தானாகப் போய்விடும். கொடுத்தேன். போய்விட்டது. முதலில் எடுத்த படங்களை, ஹார்ட் டிஸ்கில் இடமில்லை என்று அழித்தும்விட்டேன்.

இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். நோட்டைக் கொடுங்கள் அக்கா, இன்றைக்கே எடுத்துப்போய்ப் புதிதாகப் படம் பிடித்துத் தருகிறேன் என்றேன்.

"நோட்டு அவரோட போயிருச்சு சார். பெட்டியில அவரு நெஞ்சு மேல வச்சு மூடிட்டோம். கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இனிமே அழியவே அழியாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

சொல்லியிருந்தேன். பதினோரு வீட்டிலும் சொல்லியிருந்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

என் பையில் ஏழாம் படியை அச்சிட்ட தாள்கள் இருந்தன. அவரைப் பாடச் சொல்லி, அவர் நிறுத்துகிற இடங்களில் நான் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். நல்ல குரல். பாதியில் இரண்டு தடவை அழுதார். அங்கேயும் புள்ளி வைத்தேன். முடிந்ததும் தாள்களை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைசிவரை பார்த்தார்.

"இது எம் மூச்சு சார். அவரு மூச்சு இல்ல" என்றார்.

என்றாலும் தாள்களைத் திருப்பித் தரவில்லை. இதை வைத்தே பாடிக்கொள்வதாகச் சொல்லி, அலமாரியில் ஜெபமாலைக்கு அடியில் வைத்தார். சாப்பிடாமல் போகக்கூடாது என்று சோறு போட்டார். வெஞ்சனம் கத்தரிக்காய்.

2.40க்குத் திண்டுக்கல் பஸ். ஜன்னலோரத்தில் லேப்டாப்பைத் திறந்து, ஏழாம் படிக்கு நான் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். தெளிவான கையெழுத்து, பாடுவோர் குறிகள் ஏதும் இல்லை என்று இருந்தது. மற்ற நோட்டுக்காரர்கள் நிறுத்துமிடத்தில் மையால் கோடு போட்டிருந்தார்கள். அவை தகட்டில் பளிச்சென்று தெரிகின்றன. நூறு தகடுகள் நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. திருத்தம் அனுப்பலாம், அனுப்பத்தான் போகிறேன். அதற்குள், பதினோரு பேரில் சவரிமுத்து ஒருவர்தான் எங்கும் மூச்சு வாங்காமல் பாடியவர் என்று யாராவது கட்டுரை எழுதிவிடலாம். ஆதாரம் கேட்டால் என் பதிப்பைக் காட்டுவார்கள்.