எல்லாவற்றுக்கும் ‘செரி’

இன்று காலை மனைவியின் ஸ்கூட்டரைக் கோட்டாற்றில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஹாரன் அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

“என்ட்ட கேக்காம எதையும் கழத்தப்பிடாது. ஒவ்வொண்ணுக்கும் போன் பண்ணும்வே” என்று மெக்கானிக்கிடம் கறாராகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு வீட்டில் உட்கார்ந்து என் வேலையைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் மெமரியில் கிடக்கும் மெஷின் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும் புரோகிராம். ஒவ்வொரு கட்டளையையும் பிரித்ததும் அது, பதில் சொல்வதற்கென்று நான் எழுதிவைத்த ஃபங்ஷன் என்ற குட்டி நிரலைக் கூப்பிட்டு, ‘அடுத்ததையும் பிரிக்கட்டுமா?’ என்று கேட்கும். கால்பேக் என்பது இதுதான். ‘போதும்’ என்று பதில் வந்தால் நின்றுவிட வேண்டும்.

நிற்கவில்லை. கட்டளைகள் முடிந்த பிறகும், மெமரியில் பக்கத்தில் கிடந்த என் பெயரைக்கூடக் கட்டளை என்று நினைத்துப் பிரித்துக்கொண்டிருந்தது.

நடுவில் மெக்கானிக்கின் போன்.

“ஸார், முன்மூடிய கழத்தட்டா?”

“செரி.”

“ஹேண்டில?”

“செரி.”

அதற்குமேல் அவர் கேட்டது எதுவும் காதில் ஏறவில்லை. போன் அடித்தபோதெல்லாம் ‘செரி’ மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் தப்பு பிடிபட்டது. என் ஃபங்ஷன் எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்றே பதில் சொல்லியிருக்கிறது. மடப்பய ஃபங்ஷன் என்று திட்டித் திருத்திவிட்டு ஒர்க்‌ஷாப் போனேன்.

விரித்த சாக்கின்மேல் ஸ்கூட்டர் மொத்தமும் கிடந்தது. எஞ்சின் உட்பட.

“ஹாரனுக்கு எஞ்சின எதுக்குவே கழத்துனீரு?”

“நீங்கதானே ஸார் செரின்னு சொன்னிய? போதும்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேம்லா?”

அந்த நேரம் பார்த்து மனைவி போனில். “கல்யாண வீட்டுக்கு நேரமாச்சு. வண்டிய எடுத்துட்டு சட்டுனு வாங்க.”

“செரி” என்றேன்.

மக்கா, ஆரல்வாய்மொழிப் பக்கம் இன்றைக்கு ராத்திரி எனக்குப் படுக்க இடம் தரக்கூடியவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.