முழங்காலனின் ஒரு புள்ளி

ஒருவனுக்கு எட்டுப் புள்ளிகளை நான் சும்மா அள்ளிக் கொடுத்தேன். அவனுக்கு நியாயமாகச் சேரவேண்டிய ஒரு புள்ளியைக் கொடுக்காமல் விட்டேன். அவன் யப்பானில் மல்யுத்தம் செய்தவன்; இதனால் அவனுக்கு ஒரு நட்டமும் இல்லை. நட்டப்பட்டவர் வேறொருவர். மட்டக்களப்பு வாவியில் தோணி வலித்தவர்.

அப்போது நான் பழுகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். வீடு கிழக்கே எழுவான்கரையில், பள்ளிக்கூடம் மேற்கே படுவான்கரையில், நடுவே வாவி. இந்தக் கரை ஆமியின் கையில் இருந்தது, அந்தக் கரை இயக்கத்தின் கையில். காலையில் துறையடியில் பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையைக் காட்டி, தோணி ஏறினால் காற்றைப் பொறுத்து அரை மணியோ முக்கால் மணியோ செல்லும். அந்தக் கரையில் கரண்ட் இல்லை. பற்றரி கொண்டுபோகத் தடை. ரேடியோ வைத்திருந்தவர்கள் கூட அதைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள்.

அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், யப்பானில் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்தார். கொழும்புக்கு வந்த யாரிடமோ ஒன்பது வீடியோ கசெட்டுகளைக் கொடுத்தனுப்பியிருந்தார். சினிமாப் படமாக்கும் என்று ஆசையோடு போட்டால் மல்யுத்தம். கூடவே கடிதம்: "இஞ்ச இதுதான் பெரிய திருவிழா. பத்துப் பேர். ஒவ்வொருத்தனும் மற்ற ஒன்பது பேரோடையும் மோத வேணும். வெண்டா ரெண்டு புள்ளி, சமன் எண்டா ஒண்டு, தோத்தா ஒண்டுமில்ல. கூடப் புள்ளி எடுத்தவன்தான் சம்பியன். ஒரு நாளுக்கு ஒரு கசெட். ஒழுங்காப் பார்."

ஒழுங்காகத்தான் பார்த்தேன். வேறு வழி இல்லை. எங்கள் பகுதிக்குச் சனிக்கிழமை மத்தியானம்தான் நம்பிக்கையாகக் கரண்ட் வரும். ஆகவே கிழமைக்கு ஒரு கசெட். யப்பான் கசெட்டுக்கும் எங்கள் டெக்குக்கும் ஒத்துவராததால் நிறம் வராது. பத்துப் பேரும் சாம்பல் பூசிய மாதிரி நின்றார்கள்.

திங்கட்கிழமை தோணியில் தோணிக்காரர் கேட்டார், "சனி ஞாயிறு என்ன செஞ்சீங்க சேர்?" சொன்னேன். எனக்குக் கதை சொல்ல வரும். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அந்தக் கரை தட்டுவதற்குள் பத்துப் பேருக்கும் பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது. மொட்டையன், கொண்டையன், எருமை என்று. இரண்டு முழங்காலிலும் தடித்த துணி சுற்றிக்கொண்டு நொண்டி வந்த வயதான ஒருவன் முழங்காலன் ஆனான். "போட்டிருக்கிற களுசான் என்ன நிறம் தம்பி?" என்று தோணியில் இருந்த தயிர்க்கார அக்கா கேட்டார். மொட்டையனுக்குச் சிவப்பு, முழங்காலனுக்குப் பச்சை என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அதுதான் என் முதல் பொய்.

தயிர்க்கார அக்கா எங்கள் கரைக்காரி. காலையில் வெறுங்கூடையோடு அங்கே போய், பின்னேரம் தயிர்ச் சட்டிகளோடு திரும்புவார். அன்றைக்கே அவர் மொட்டையன் கட்சி.

இரண்டாவது திங்கட்கிழமை ஒரு சிக்கல் வந்தது. போன கிழமை தோற்றவர்கள் எல்லாரும் இந்தக் கிழமையும் மோதினார்கள் என்றதும் தோணியில் இருந்த ஒரு அரிசி வியாபாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "தோத்தவன் பிறகும் ஏன் வாறான்? வீட்ட அனுப்ப வேணாமா?" எங்களுக்குத் தெரிந்த போட்டி எல்லாம் கோயில் திருவிழாக் கிண்ணப் போட்டிதான். தோற்றால் பையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். நான் பத்துப் பேர், ஒன்பது ஆட்டம், மொத்தம் நாற்பத்தைந்து என்று வகுப்பு எடுத்தேன். ஒருவருக்கும் ஏறவில்லை.

தோணிக்காரர் வலித்துக்கொண்டிருந்த சவளைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். "கொம்புமுறியில ஒரு கொம்பு முறிஞ்சா தோத்த சேரிக்காரன் வீட்டயா போறான்? மறுகா அடுத்த கொம்பு கட்டுறல்லியா? அதான் இது."

ஊர் இரண்டு சேரியாகப் பிரிந்து, கொம்போடு கொம்பு கொளுவி இழுக்கும் கோயில் விளையாட்டு அது; எல்லாருக்கும் விளங்கிவிட்டது. கணக்கு வாத்தியார் நான் வாயை மூடிக்கொண்டேன்.

புள்ளிப் பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பத்துப் பட்டப்பெயர், வட்டங்கள், இலக்கங்கள். ஒரு மணித்தியாலம் இருத்தி வைத்து விசாரித்துவிட்டு, தாளைக் கிழித்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு பட்டியல் என் தலைக்குள் பயணம் செய்தது. அந்தக் கரைத் துறையில் ஒரு கொட்டில் இருந்தது. அதன் மண்சுவரில் தோணிக்காரர் கரித்துண்டால் அதை எழுதி வைத்தார். தோணிக்குக் காத்திருப்பவர்கள் அதைப் பார்த்துச் சண்டை பிடித்தார்கள். ஒரு ஆட்டத்தைக்கூடக் கண்ணால் காணாத அந்தச் சனம், எருமை கொண்டையனைத் தூக்கி அடித்தது நியாயமா என்று தொண்டை கட்டும்வரை கத்தியது. யப்பானில் இருந்த சனமோ, என் கசெட்டுகளில், தேவாலயத்தில் இருப்பதுபோல அடக்கமாக இருந்து, பிடி விழும்போது மட்டும் கைதட்டியது. எங்கள் ஆட்கள்தான் உண்மையான ரசிகர்கள் என்று நான் பெருமைப்பட்டேன்.

தோணிக்காரர் முழங்காலனை எடுத்துக்கொண்டார். முழங்காலன் முதல் நாள் தோற்றான். இரண்டாம் நாள் தோற்றான். மூன்று, நான்கு, எல்லாம் தோல்வி. தோணியில் பகிடி தாங்காது. "அண்ணண்ட ஆள் படுக்கப் பாய் கொண்டாறானோ?" என்று தயிர்க்கார அக்கா கேட்பார். அவர் சிரிப்பார். ஒவ்வொரு திங்கட்கிழமையும், நான் தோணியில் கால் வைக்கும்போதே ஒரே கேள்வி.

"நம்மட முழங்காலன் வந்தவனா சேர்?"

"வந்தான்."

"மறுகா?"

"தோத்தான்."

"ம். அடுத்த கிழமையும் வருவானே?"

"வரத்தானே வேணும்."

அதோடு சவள் வலிக்கத் தொடங்குவார். நல்ல வேகமாக வலிப்பார்.

அவர் பிறவித் தோணிக்காரர் அல்ல. வேளாண்மைக்காரர். உள்ளே ஒரு வட்டையில் அவருக்கு வயல் இருந்தது. ஒரு போகத்தை வெள்ளம் கொண்டுபோனது. அடுத்ததை வெட்டும் நேரத்தில் ஷெல் விழுந்து ஊரே ஓடியது; திரும்பி வந்தபோது கதிர் கொட்டி முளைத்திருந்தது. மூன்றாவதை மாடு தின்றது, காவலுக்குப் போக விடவில்லை. பிறகுதான் சவளைத் தொட்டார். வீட்டில் ஒரு மூட்டை விதைநெல் மட்டும் வைத்திருந்தார். மாரி மழை நெருங்கிக்கொண்டிருந்தது. "இந்த முறை விதைப்பீங்களா அண்ணே?" என்று கேட்டால், "பாப்பம் சேர்" என்பார். விதைத்தால் ஊரில் இருப்பார். இல்லாவிட்டால் வாகரையில் இருக்கும் மச்சானோடு கடலுக்குப் போகவேண்டியதுதான். மனைவி வயலை விட்டுப் போகமாட்டேன் என்று அழுவதாக அக்கா சொன்னார்.

ஐந்தாவது திங்கட்கிழமை நான் துறைக்குப் போனபோது தோணிக்காரர் சோதனைச் சாவடிக்கு முன்னால் வெயிலில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். என்ன குற்றம் என்று யாருக்கும் தெரியாது. ஒன்பது மணியளவில் விட்டார்கள். அவர் எழும்பி, காலில் ஒட்டிய மணலைத் தட்டி, தோணியைத் தள்ளினார். நடு வாவியில்தான் கேட்டார்.

"வந்தவனா சேர்?"

அந்தச் சனிக்கிழமை முழங்காலன் இரண்டு நிமிடத்தில் தோற்றிருந்தான். அந்த மனிதரின் காலைப் பார்த்தேன்.

"வந்தான் அண்ணே. வெண்டுட்டான்."

தோணி ஆடும் அளவுக்குச் சனம் கத்தியது. அக்கா வெறுங்கூடையில் தாளம் போட்டார். தோணிக்காரர் முகத்தில் சிரிப்பு வந்தது. எனக்குப் பெரிய புண்ணியம் செய்த நிறைவு. அன்றைக்கு வகுப்பில் ஒரு பிள்ளையையும் நான் ஏசவில்லை.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லவேண்டும் என்பார்கள். ஒருவனுக்கு இரண்டு புள்ளி கொடுத்தால் இன்னொருவனிடம் அதைப் பறிக்கவேண்டும். நான் கணக்கு வாத்தியார், பிசகாமல் பறித்தேன். ஆறாம், ஏழாம், எட்டாம் கிழமைகளிலும் முழங்காலனை வெல்ல வைத்தேன். சுவரில் அவனுக்கு எட்டுப் புள்ளி. உண்மையில் அவனுக்குச் சைபர்.

ஆனால் ஒன்று நடந்தது, அது எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. தோணிக்காரர் கேட்பதை விட்டுவிட்டார். நான் ஏறி உட்கார்ந்தாலும் வாவியைப் பார்த்தபடி வலிப்பார். நானாகவே, "அண்ணே, திரும்பவும் வெண்டுட்டான்" என்பேன். "நல்லம் சேர்" என்பார். அவ்வளவுதான். கரியை எடுத்துச் சுவரில் எழுதுவதைக்கூட அரிசி வியாபாரியிடம் விட்டுவிட்டார். இவருக்காக நான் என்ன பாடுபட்டு வெல்ல வைக்கிறேன், இந்த மனிதருக்கு ஒரு சந்தோசம் இருக்கிறதா என்று எனக்குள் புறுபுறுத்தேன். நன்றி கெட்டவர் என்றுகூட நினைத்தேன். அதை இங்கே எழுதக் கை கூசுகிறது.

ஒன்பதாவது கசெட். எட்டுத் தோல்வியோடு முழங்காலன் வந்தான். எதிரே மொட்டையன், பட்டியலில் முதலாமவன். முழங்காலனுக்கு இனி எடுக்க ஒன்றுமில்லை, வராமலே விட்டிருக்கலாம். வந்தான். மேடைக்கு வெளியே நின்று குனிந்து கும்பிட்டுவிட்டு ஏறினான். மொட்டையன் அவனை அடித்தான், எறிந்தான், காலை முறுக்கினான். நடுவர் எண்ணுவார், மூன்று சொல்வதற்குள் முழங்காலன் தோளைத் தூக்கிவிடுவான். பத்து நிமிடம். இருபது நிமிடம். அடக்கமாக இருந்த யப்பான் சனம் மெல்ல மெல்ல எழும்பியது. கோட் போட்ட ஒரு கிழவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கடைசி ஐந்து நிமிடம் கமராவே ஆடியது, அவ்வளவு சத்தம். முப்பது நிமிடத்தில் மணி அடித்தது. யாரும் வெல்லவில்லை. சமன். முழங்காலனுக்கு ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளியால் மொட்டையனுக்குச் சம்பியன் பட்டம் போனது. மேடை முழுக்கத் தாள் நாடாக்கள் வந்து விழுந்தன. முழங்காலன் எழும்ப முடியாமல் நாடாக்களுக்குள் கிடந்தான். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி நான் கத்தினேன். பிறகுதான் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது.

இதை எப்படிச் சொல்வது? எட்டுப் புள்ளிக்காரனுக்குச் சமன் ஒரு பெரிய காரியமா? சொல்லவேண்டுமானால் எல்லாப் பொய்யையும் அவிழ்க்கவேண்டும். சேர் என்று கும்பிடும் சனத்தின் முன்னால் பொய்யனாக நிற்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுதும் யோசித்தேன். கடைசியில் என் மரியாதைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

"முழங்காலன் தோத்துட்டான். மொட்டையன் சம்பியன்" என்று திங்கட்கிழமை சொன்னேன். அக்காவுக்குச் சிரிப்பு ஓயவில்லை. "வெண்ணெய் திரண்டு வரக்குள்ள தாழி உடைஞ்ச கதையாப் போச்சே அண்ணே" என்று சீண்டினார்.

தோணிக்காரர் கொஞ்ச நேரம் வலித்தார். பிறகு, "அப்ப அவன் இனி வரமாட்டான்" என்றார்.

"ஏன் அண்ணே?"

"வெண்டு பழகிட்டான் சேர்."

அந்த மாரிக்கு அவர் விதைக்கவில்லை. மூட்டையை அண்ணன் மகனிடம் கொடுத்துவிட்டு, மனைவியோடு வாகரைக்குப் போனார். என் கதையால்தான் போனார் என்று சொன்னால் அது திமிர். ஷெல் இருந்தது, வெள்ளம் இருந்தது, அந்த முழங்கால் வெயில் இருந்தது. ஆனாலும் விதைப்பதா போவதா என்று ஒருவர் தளம்பிக்கொண்டிருந்த கிழமைகளில், அவருக்குச் சொல்லவேண்டிய கதை என் வீட்டு அலுமாரியில் இருந்தது. நான் சொல்லவில்லை.

பல வருசம் கழித்து நகரத்துச் சந்தையில் தயிர்க்கார அக்காவைக் கண்டேன். தலை நரைத்துவிட்டது, கூடை அதேதான். அவர் பக்கத்தில் ஒரு சாக்கில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எட்டுப் புள்ளிப் பொய்யையும், ஒரு புள்ளியையும், அழுத கிழவரையும்.

"அப்ப மொட்டையன் வெல்லல்லியா?" என்று முதலில் அதைத்தான் கேட்டார். இல்லை என்றேன். முகம் சுருங்கிப்போனது. பிறகு கேட்டார், "ஏன் தம்பி பொய் சொன்ன நீங்க?"

"அவருக்காகத்தான் அக்கா. பாவம், அண்டைக்கு முழங்கால்ல நிண்டவர். அவர்ட ஆள் வெண்டா சந்தோசப்படுவார் எண்டு."

அக்கா ஒரு சட்டியின் வாழையிலையை நேராக்கிக் கட்டினார்.

"அவர் ஒரு நாளும் வெண்டவனா எண்டு கேக்கல்லியே தம்பி. வந்தவனா எண்டுதானே கேட்டவர்."

தோணிக்காரர் இப்போது எங்கே என்று கேட்டேன். வாகரைக்குப் போய் அவரிடமாவது சொல்லிவிடலாம் என்று அந்த நிமிடத்தில் நினைத்தேன்.

"கடலுக்குப் போனவர். ஒவ்வொரு நாளும் போய் வந்தவர்" என்றார் அக்கா. "ஒரு நாள் வரல்ல."