‘நன்றி’ சொல்லி முடிப்பதற்குள்

எங்கள் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் பேசுகிறவளை எல்லோரும் மைக்கம்மா என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்து விசாரணை கவுன்டரில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்து, ‘பஸ் எப்ப வரும்’ என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லித் தொண்டை வற்றியவன் நான். அவள் அப்படியில்லை. “உங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றி” என்பதைக் கால் மணிக்கு ஒருமுறை, பெற்ற பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்வாள்.

மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தால் அசையமாட்டாள். அந்த நாற்காலி ஒரு சனியன். லேசாகத் திரும்பினாலும் கிறீச்சென்று நிலையம் முழுக்கக் கேட்கும். ஒருமுறை அப்படிக் கேட்டு ஜனம் சிரித்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு ரோஷம்.

போன கோடையில் நிலைய முகவரிக்கு அவள் பேருக்கு ஒரு கடிதம் வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போன அவளுடைய அக்கா எழுதியது. இங்கே பஸ் மாறும்போது தங்கையின் குரலைக் கேட்டாளாம். நேரில் வந்து நிற்கத் தைரியம் வரவில்லையாம். முகவரி எழுதவில்லை, கீழே ஒரு போன் நம்பர் மட்டும்.

“உடனே போன் போடும்மா,” என்றேன்.

“போடுறேன், போடுறேன். பதினோரு வருஷம் நான் காத்துக் கிடந்தேன்ல, அவளும் நாலு நாள் காத்திருக்கட்டும்.”

வீம்புக்குச் சொன்னாளே தவிர, கடிதத்தை மணிக்கொரு தரம் எடுத்துப் படித்தாள்.

நாலாம் நாள் மத்தியானம், புழுக்கம் தாங்காமல் அறைக் கதவைத் திறந்து வைத்திருந்தாள். பை நாற்காலியின் முதுகில் தொங்கியது. அறிவிப்பில் ‘பத்திரமாக’ என்னும்போது எவனோ பையை உருவுவது தெரிந்துவிட்டதாம். தெரிந்தும் திரும்பவில்லை மகராசி. ‘நன்றி’ சொல்லி, விளக்கை அணைத்த பிறகே திரும்பியிருக்கிறாள்.

விஷயம் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

“கடுதாசி அதுலதான் இருந்துச்சு,” என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நம்பரில் கடைசி இரண்டு எண்தான் அவளுக்கு ஞாபகம் இருந்தது. மறுநாள் மைக்கிலேயே பேசிவிட்டாள்: “பையை எடுத்தவங்க பணத்தை வச்சுக்குங்க. கடுதாசிய மட்டும் எங்கயாவது போட்டுட்டுப் போங்க. அக்கா, உன் நம்பர் தொலைஞ்சுபோச்சு. எனக்குக் கோபம் இல்ல.”

பை வரவில்லை. மேலாளரிடமிருந்து மெமோதான் வந்தது. இன்னொரு தரம் சொந்த விஷயம் பேசினால் வேலை போய்விடுமாம். அந்த ஆளுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

போன வாரம் அவளுக்கு நெருப்பாய்க் காய்ச்சல். வார்த்தைக்கு வார்த்தை இருமல்.

“வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கோம்மா. இன்னைக்கு ஒரு நாள் நான் பேசிக்கிறேன்,” என்றேன்.

அவள் மைக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

“இன்னைக்குப் பார்த்து அக்கா இந்தப் பக்கம் வந்து, வேற குரலைக் கேட்டா, நான் இங்க இல்லன்னு நினைச்சுக்க மாட்டாளா?”