குட்டைவால் பூனையும் துள்ளிய சோறும்

குத்தாலம் கடைத்தெருவில் அரிசி மண்டி நடத்தும் அப்துல் மஜீதின் மகள் ஃபஹ்மிதாவுக்குக் குடும்ப வாட்ஸப் குழு சூட்டிய பெயர் சி.ஐ.டி. எந்தச் செய்தி வந்தாலும், "இதை முதல்ல யார் எடுத்தா, எங்க எடுத்தா?" என்று கேட்பாள். கல்லூரியில் எவரும் சொல்லித்தராத அந்த வித்தையைத் தானே தட்டுத் தடுமாறிக் கற்றவள். தன் செல்போனில் ஒரு படத்தைக்கூட அழித்ததில்லை. கொள்ளிடம் பாலத்தில் முதலை பேருந்து ஏறியதாக வந்த வீடியோ பொய் என்று அவள் ஆதாரத்தோடு நிறுவியபோது, அதை அனுப்பிய பெரியம்மா அவளைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டாள். அந்த அநியாயம் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. அதனால்தான் அடுத்து வந்த வீடியோ அவள் கண்ணில் படவில்லை.

பஞ்சநதம் வாத்தியார் மண்டிக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

"பாய், தப்பா நினைக்காதீங்க. பொண்ணு கல்யாணத்துக்குச் சொன்ன அரிசி வேண்டாம். குத்தாலத்துல பிளாஸ்டிக் அரிசி விக்கிறாங்கன்னு சம்பந்தி வீட்டுல பயப்படுறாங்க. வீடியோ வந்திருக்கே."

"எந்தப் படுபாவி அதை அனுப்பினான், வாத்தியாரே?"

"நீங்கதான் பாய்."

மஜீது தம் செல்போனைத் திறந்து பார்த்தார். ஊருக்கு நன்மை என்று கருதி, காலையில் தெரிந்தவர் அனைவருக்கும் அனுப்பியது உண்மைதான். பிறந்தது முதல் நெல்லோடு புழங்கிய மனிதர், அனுப்பிய கையோடு தம் வீட்டுச் சோற்றையும் உருட்டித் தரையில் அடித்துப் பார்த்திருந்தார். அது துள்ளியது. பயந்துபோய் ரொட்டி தின்றுவிட்டுக் கடைக்கு வந்திருந்தார். இப்போது கல்யாண அரிசி போனால் மண்டியின் பெயரும் கூடவே போகும்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த ஃபஹ்மிதா அத்தாவின் செல்போனை வாங்கிப் பார்த்தாள். 'பிளாஸ்டிக் அரிசி, எச்சரிக்கை' என்ற வாசகத்தின் கீழே ஒரு கை சோற்று உருண்டையைத் தரையில் அடிக்கிறது. உருண்டை எம்புகிறது. பாதி வால் கொண்ட பூனையொன்று அதன் பின்னால் பாய்கிறது.

"அத்தா, இது யார் வீட்டுப் பூனை?"

"எவன் வீட்டுதோ. பாவம், வால் குட்டை."

மூட்டைக்கடியில் படுத்திருந்த அவர்கள் வீட்டுப் பூனை பாதி வாலை ஆட்டியது.

"சரி, இந்தக் கை?"

"மோதிரம் நல்லா இருக்கு," என்ற மஜீது, மெல்லத் தம் விரலைப் பார்த்தார்.

ஃபஹ்மிதா தன் செல்போனில் இருந்த அசலை ஓடவிட்டாள். போன மாதம் அதை எடுத்தவளே அவள்தான். துபாயிலிருக்கும் ஜாபிர் மாமாவுக்காக எடுத்தது. அதில் மஜீதின் குரல் கணீரென்று ஒலித்தது: "பாருங்க மச்சான், புது அரிசியைக் குழைய விட்டா பந்தே ஆடலாம். உங்க துபாய்ல கிடைக்குமா இது?"

துபாயில் எவனோ குரலை எடுத்துவிட்டு, எச்சரிக்கை வாசகத்தை ஒட்டியிருக்கிறான். கடல் தாண்டிப் போன சோறு பிளாஸ்டிக்காகத் திரும்பி வந்திருந்தது.

வாத்தியார் சிரிப்பை அடக்கமாட்டாமல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அசலைச் சம்பந்திக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் அங்கிருந்து அழைப்பு வந்தது. பேசி முடித்தவர், "அரிசியை அனுப்பிடுங்க பாய். ஆனா பழைய அரிசியா வேணுமாம். பந்தியில பந்து வேண்டாமாம்," என்றார்.

ஃபஹ்மிதா அன்றே குழுவில் மீண்டும் சேர்க்கப்பட்டாள். மஜீதும் திருந்தினார். சாயங்காலம் நிலாவில் சம்பா விளைந்திருப்பதாக ஒரு வீடியோ வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூலைமுடுக்கெல்லாம் தேடினார்.

"நம்ம பூனை இதுல இல்லம்மா. அப்ப உண்மைதான்," என்று எல்லோருக்கும் அனுப்பிவைத்தார்.